புரிப் பின்னல் சட்டையும் நமது மாதர் குழுக்களும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் மாதர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காவிரி பாயும் இந்நாட்டிலே நெல்லைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசாமல், கம்பளி நூலையும் பின்னல் ஊசியையும் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பனி உறையும் தேசத்துச் சட்டைக்கும் நமது பசுமையான வயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு விடை கூறுவதும், அதன் வாயிலாக நம் கிராமத்துப் பெண்மக்களின் உழைப்புக்கு உரிய விலை யாது என்று ஆராய்வதுமே இன்று நாம் மேற்கொண்டிருக்கும் பொருள்.

உபதொழிலின் தேவை

தஞ்சை மண்ணில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை கிடைப்பதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆள் தேடி அலையும் நாட்களும் உண்டு. கை கட்டிக் கிடக்கும் மாதங்களும் உண்டு. முன்னர் அறுவடைக் காலத்தில் பெண்மக்களுக்கு வாரக் கணக்கில் கிடைத்த வேலையை இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்து விடுகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்து கொண்டிருக்கிறது. இயந்திரத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆள் பற்றாக்குறையால் விளைந்த கதிர் உதிர்ந்து போவதைக் கண்ட உழவர் எவரும் அதைக் குறை கூறமாட்டார். ஆயினும் அது எடுத்துக் கொண்ட வேலை நாட்களுக்கு ஈடாக வேறொன்றைத் தேட வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இயற்கையும் எப்பொழுதும் துணை நிற்பதில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், குறுவைக்காக ஜூன் 12-ம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படவே இல்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகளை ஓர் இரவில் சாய்த்தது. இத்தகைய காலங்களில் வீட்டுக்குள் வரும் சிறு வருவாயும் பெரிய ஊன்றுகோலாகும். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-ல் நிறைவேறியது. வயலைக் கெடுக்கும் தொழில் இங்கே வேண்டாம் என்பது நமது முடிவானால், வயலோடு ஒத்துப்போகும் தொழில் எது என்று காட்டுவதும் நமது பொறுப்பேயாகும்.

கைத்தொழிலுக்கு இந்நாடு புதியதன்று. திருபுவனத்துப் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தைக்கால் பாய், தஞ்சைத் தலையாட்டிப் பொம்மை, நெட்டி வேலை என்று நெல்லுக்கு அருகிலேயே கைவினையும் வளர்ந்த நாடு இது. ஆகவே, “கம்பளிச் சட்டை பின்னக் கற்றுக் கொடுத்தால் பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்” என்று எவரேனும் ஒரு திட்டத்தோடு ஊராட்சிக்கு வருவாராயின், உடனே தலையசைத்து விடவும் வேண்டாம். உடனே தள்ளிவிடவும் வேண்டாம். அத்தொழிலின் இயல்பை முதலில் அறிவோம். பிறகு கணக்குப் பார்ப்போம். அதன் பிறகு முடிவு செய்வோம்.

கார்டிகன் என்பது யாது?

முன்புறம் முழுவதும் திறந்து, பித்தான் வைத்துப் பூட்டும் கம்பளிச் சட்டையைக் கார்டிகன் என்பர். 1854-ல் கிரைமியப் போரில் ஆங்கிலக் குதிரைப் படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயரால் அது வழங்கலாயிற்று. பின்னற் கலையோ அதற்கும் மிகப் பழமையானது. எகிப்து நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பின்னப்பட்ட பருத்திக் காலுறைகள் கிடைத்துள்ளன. எனவே பின்னல் என்றால் கம்பளிதான் என்று எண்ண வேண்டியதில்லை. பருத்திக்கும் அதில் தொன்மையான உரிமை உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே திருப்பூரில் 1925 வாக்கில் தொடங்கிய பருத்திப் பின்னலாடைத் தொழில் இன்று உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்புகிறது. அது இயந்திரப் பின்னல். நாம் பேசுவது கைப் பின்னல்.

கார்டிகன்களில் சிலவற்றின் முன்புறத்தில் கயிறு முறுக்கியது போன்ற புடைப்பு மேலிருந்து கீழாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பனிக்காலம் தொடங்கியதும் திருச்சி முதலிய நகரங்களில் திபெத்திய மக்கள் விரிக்கும் கம்பளிக் கடைகளிலும் அத்தகைய சட்டைகள் தொங்கும். ஆங்கிலத்தில் அதனைக் கேபிள் என்பர். நாம் அதனைப் புரிப் பின்னல் என்றே அழைக்கலாம். புரி என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. நெற்சேர் கட்டுவதற்கு வைக்கோற்புரி திரித்த கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. இரண்டு புரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதே கயிறு. அதே ஏற்ற இறக்கத்தை ஊசியின் மேல் நிகழ்த்துவதே புரிப் பின்னல்.

பின்னும் முறை

நெசவில் பாவு, ஊடை என இரு நூல்கள் உண்டு. பின்னலில் ஒரே நூல்தான். அந்நூலே கண்ணி கண்ணியாக, ஒரு கண்ணிக்குள்ளிருந்து மற்றொரு கண்ணி பிறந்து, துணியாக வளர்கிறது. இரண்டு ஊசிகள் போதும். இடக்கை ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் வலக்கை ஊசியை நுழைத்து, நூலைப் புதுக் கண்ணியாக வாங்கிக் கொண்டு, பழைய கண்ணியை இறக்கி விட வேண்டும். நூலைப் பின்புறம் வைத்துக் கண்ணியை நம் பக்கம் இழுத்தால் வழவழப்பான முகம் தெரியும். இதை முகக்கண்ணி என்போம். நூலை முன்புறம் வைத்துக் கண்ணியை அப்பால் தள்ளினால் மேடு தட்டிய முதுகு தெரியும். இதைப் புறக்கண்ணி என்போம். பின்னற் கலை முழுவதும் இவ்விரண்டின் சேர்க்கையே.

புரிப் பின்னலுக்கு இவற்றோடு சிறிய மூன்றாம் ஊசி ஒன்று வேண்டும். பழகுவதற்கு ஒரு மாதிரி சொல்கிறோம். ஊசியில் 22 கண்ணிகள் போட்டுக் கொள்ளுங்கள். முதல் வரிசையில் 8 புறக்கண்ணி, 6 முகக்கண்ணி, 8 புறக்கண்ணி. திருப்பிக் கொண்டு இரண்டாம் வரிசையில் 8 முகக்கண்ணி, 6 புறக்கண்ணி, 8 முகக்கண்ணி. மூன்றாம் வரிசை முதலாவதைப் போன்றது. நான்காம் வரிசை இரண்டாவதைப் போன்றது. இப்போது மேடு தட்டிய தரையின் நடுவே ஆறு கண்ணி அகலத்துக்கு வழவழப்பான பட்டை ஒன்று எழுந்து நிற்கும்.

ஐந்தாம் வரிசையில்தான் புரி முறுக்கப்படுகிறது. 8 புறக்கண்ணி பின்னிய பின்னர், நடுவிலுள்ள ஆறில் முதல் மூன்றைப் பின்னாமலேயே மூன்றாம் ஊசிக்கு மாற்றி, துணியின் முன்னே நிறுத்துங்கள். அடுத்த மூன்றை முகக்கண்ணியாகப் பின்னுங்கள். பிறகு நிறுத்தி வைத்த மூன்றையும் முகக்கண்ணியாகப் பின்னுங்கள். எஞ்சிய எட்டையும் புறக்கண்ணியாக முடியுங்கள். பின்னே இருந்த மூன்று முன்னதாகவும், முன்னே இருந்த மூன்று பின்னதாகவும் இடம் மாறிவிட்டன. முறுக்கு விழுந்து விட்டது. பிறகு பழையபடியே பின்னிச் சென்று 11-ம் வரிசையிலும், 17-ம் வரிசையிலும், இவ்வாறே ஆறு வரிசைக்கு ஒருமுறை இடம் மாற்றினால், கயிறு தானாகவே உருவாகிக் கொண்டு போகும்.

மூன்று கண்ணிகளை முன்னே நிறுத்தினால் புரி இடப்புறம் சாயும். பின்னே நிறுத்தினால் வலப்புறம் சாயும். இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால் மற்றவை எளிது. தலைவாரி முப்புரியாகச் சடை பின்னும் தாய்மார்களுக்கு அடுத்த பாடத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒன்பது கண்ணிகளை மும்மூன்றாகக் கொண்டு, ஒருமுறை முதல் ஆறை முன்னே நிறுத்தி மாற்றி, மறுமுறை கடைசி ஆறைப் பின்னே நிறுத்தி மாற்றினால், சடையே சட்டையில் இறங்கிவிடும்.

பின்னற் புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம் தருவார்கள். ஒரு கட்டம் ஒரு கண்ணி. ஒரு வரி ஒரு வரிசை. எழுத்தறிவு குறைந்தவர்க்கு அது புரியுமா என்று சிலர் ஐயுறுவர். விடியற்காலையில் வாசலில் நின்று, பதினைந்து புள்ளி, ஒற்றைப்படை வரிசை, ஒன்றில் நிறுத்து என்று மனக்கணக்காகவே கோலம் இடும் பெண்ணுக்கு, அந்த வரைபடம் ஒரு நாள் பாடந்தான். நம் கிராமத்துப் பெண்களிடம் கணக்கு இருக்கிறது. அதைக் கணக்கென்று நாம்தான் எண்ணுவதில்லை.

மாதிரி பின்னாமல் சட்டை பின்னாதே

விதையைச் சோதிக்காமல் நாற்றங்காலில் தெளிப்பதில்லை அல்லவா? அவ்வாறே மாதிரி பின்னாமல் சட்டையைத் தொடங்கக் கூடாது. முறுக்கு ஏறிய கயிறு நீளத்தில் குறைவதைப் போல, புரிப் பின்னல் அகலத்தில் சுருங்கும். இதை அறியாதவர் பின்னிய சட்டை, பின்னியவருக்கும் ஆகாது, வாங்குபவருக்கும் ஆகாது.

முதலில் பின்னப் போகும் அதே நூலில், அதே ஊசியில், அதே புரியோடு, ஒரு சாண் அளவுக்குச் சதுரமான துண்டு ஒன்று பின்னுங்கள். அதை நனைத்து, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். உலர்ந்த பின் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக, வெறும் பின்னலில் 20 கண்ணி வரும் நூல் புரிப் பின்னலில் 24 கண்ணி வருவதாகக் கொள்வோம். முதுகுப் பகுதி 50 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமானால் 120 கண்ணி போட வேண்டும். மாதிரி பின்னாமல் 100 கண்ணி போட்டவருக்குக் கிடைப்பது 42 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமே. இருபது கண்ணிக் கணக்கில் ஒரு மாத உழைப்பு வீணாகிவிடும்.

கார்டிகனுக்கு ஐந்து துண்டுகள் உண்டு: முதுகு ஒன்று, முன்புறம் இரண்டு, கை இரண்டு. கீழ் விளிம்பில் ஒன்று விட்டு ஒன்றாக முகக்கண்ணியும் புறக்கண்ணியும் பின்னினால் அது இழுத்துக் கொடுக்கும் பட்டையாக அமையும். அதற்கு மேல் உடற்பகுதி. இரு முன்புறங்களிலும் புரிகள் ஒன்றையொன்று நோக்க வேண்டும். ஆகையால் ஒரு பக்கத்தில் கண்ணிகளை முன்னேயும் மறுபக்கத்தில் பின்னேயும் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கினால் சட்டை கோணிக் கொண்டிருப்பது போலத் தோன்றும். துண்டுகளைத் தைத்துச் சேர்த்த பின் பித்தான் பட்டையைப் பின்னுவர். பெண்டிர் சட்டையில் பித்தான் துளை வலப்புறமும், ஆடவர் சட்டையில் இடப்புறமும் வருவது வழக்கம்.

நூல் வாங்கும்போது முழுச் சட்டைக்கும் வேண்டிய நூலை ஒரே சாயத் தொகுதியில் வாங்கிவிட வேண்டும். பின்னர் வாங்கும் கண்டு ஒரு மாற்றுக் குறைந்திருந்தால், அது சட்டையின் நடுவே கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். வியர்க்கும் கையில் கம்பளி நூல் ஒட்டிக் கொள்ளும். மடியில் வெள்ளைத் துணி விரித்துக் கொண்டு, கையை அடிக்கடி துடைத்துக் கொள்வது நலம். முடித்த கம்பளியைப் பூச்சி அரிக்காமல், நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் மூடி வைக்க வேண்டும்.

இனிக் கணக்கு

இதுவரை சொன்னது கைத்திறன். இனிச் சொல்வதே ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதி.

பெரியவர் ஒருவருக்குரிய புரிப் பின்னல் கார்டிகனுக்கு ஏறத்தாழ 600 முதல் 800 கிராம் கம்பளி நூல் செல்லும். நன்கு பழகிய கைக்கும் 50 முதல் 80 மணி நேரம் பிடிக்கும். நடுத்தரமாக 64 மணி நேரம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் அது எட்டு நாள் வேலை. உங்கள் ஊரில் பெண்ணாளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை எட்டால் பெருக்கிப் பாருங்கள். பேச்சுக்காக 400 ரூபாய் என்று வைத்தால், கூலி மட்டும் 3,200 ரூபாய். நூலுக்கு 1,000 ரூபாய், பித்தானுக்கும் போக்குவரத்துக்கும் 200 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், அடக்கம் 4,400 ரூபாய் ஆகிறது. விற்பவருக்குரிய பங்கு இன்னும் சேரவில்லை.

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். லூதியானா போன்ற நகரங்களில் இயந்திரங்கள் இதே புரியைப் போட்டுச் சட்டைகளைக் குவிக்கின்றன. கண்ணிகளை இடம் மாற்றும் வித்தையை இயந்திரமும் கற்றுக் கொண்டுவிட்டது. பனிக்காலக் கடையில் அத்தகைய சட்டை இந்த அடக்க விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். தஞ்சையில் மார்கழிப் பனிக்கு ஒரு சட்டை வாங்குபவர் எதை எடுப்பார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

அப்படியானால் போட்டி போடுவதற்கு ஒரே வழிதான் மிஞ்சும். அடக்கக் கணக்கில் எந்த வரியை அடிப்பது என்று வியாபாரி பார்ப்பான். நூலின் விலையை அடிக்க முடியாது. பித்தானின் விலையை அடிக்க முடியாது. வண்டிச் சத்தத்தை அடிக்க முடியாது. அடிக்கக் கூடியது 3,200 ரூபாய் என்னும் அந்த ஒரு வரியைத்தான். “வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே பின்னுகிறாள், அதற்கு 500 ரூபாய் போதாதா?” என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

முன்னோர் கண்ட அனுபவம்

இது கற்பனை அச்சமன்று. 19-ம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலும், திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியிலும், பாதிரிமார்களின் துணைவியர் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தனர். நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் கால்டுவெல் அவர்களின் துணைவியார் எலைசா அம்மையாரும் இதில் முன்னின்றனர். மிகவும் ஒடுக்கப்பட்டுக் கிடந்த பெண்கள், தம் கையால் ஈட்டிய காசைத் தம் கையில் வாங்குவதற்கு அது வழி திறந்தது. கைத்தொழில் செய்யக்கூடிய நன்மைக்கு அது சான்று.

மற்றொரு சான்றும் உண்டு. அது நம்மைப் போன்றே நெல் விளையும் ஆற்றுப் படுகையிலிருந்து வருவது. ஆந்திர நாட்டில் கோதாவரிப் படுகையில் நரசாபூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கும் 19-ம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியே லேஸ் வேலை வந்தது. சுற்றுப்புறக் கிராமங்களின் வீடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் கொக்கி ஊசியால் பின்னிய லேஸ், கடல் கடந்து மேனாடுகளுக்குச் சென்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலையும் பார்த்துக் கொண்டு நாளெல்லாம் பின்னிய அப்பெண்கள், வயற்கூலியை விடவும் குறைவாகவே பெற்றனர் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். காரணம் என்ன? அவர்கள் தொழிலாளர் என்று எவராலும் எண்ணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்குபவர் என்றே எண்ணப்பட்டனர். ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் அடைந்திருந்ததால், அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன விலை என்பதும் தெரியவில்லை. நூலைக் கொடுப்பவனும் லேஸை வாங்குபவனும் ஒருவனாகவே இருந்தான். ஏற்றுமதி பெருகப் பெருக லாபம் வியாபாரிக்குச் சென்றது. ஊசி பிடித்த கை அப்படியே நின்றது.

அயல் நாட்டிலிருந்து ஒரு செய்தியும் சொல்வோம். புரிப் பின்னலுக்கு உலகெங்கும் பெயர் பெற்ற இடம் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அரன் தீவுகள். பாறை மேல் மணலையும் கடற்பாசியையும் பரப்பி மண்ணை உண்டாக்கிப் பயிர் செய்த ஏழை மக்கள் அவர்கள். 1891-ல் அந்நாட்டு வறிய மாவட்டங்களுக்காக ஒரு வாரியம் அமைக்கப்பட்டு, மீன்பிடியும் கைத்தொழிலும் ஊக்குவிக்கப்பட்டன. அதற்குப் பின், 20-ம் நூற்றாண்டில்தான் அத்தீவுப் பெண்கள் புடைப்புப் புரிகள் நிறைந்த சட்டைகளைப் பின்னிப் புகழ் பெற்றனர். குடும்பத்துக்கு ஒரு புரி உண்டு, கடலில் மூழ்கியவரை அதைக் கொண்டே அடையாளம் கண்டனர் என்று வழங்கும் கதை உண்மையன்று; 1904-ல் வந்த ஒரு நாடகத்திலுள்ள காலுறைக் காட்சியிலிருந்து அது வளர்ந்தது என்பர் ஆராய்ந்தோர். அவர்களுக்கு விலை கிடைத்தது இயந்திரத்தோடு மலிவில் போட்டியிட்டதனாலன்று. கைவேலையை மதித்து வாங்குபவரைத் தேடிச் சென்றதனாலேயாம். நாமும் விற்பதற்காகப் பொய்க் கதை கட்ட வேண்டியதில்லை. இன்ன ஊரில், இன்ன குழுவில், இத்தனை மணி நேரத்தில் கையால் பின்னப்பட்டது என்ற உண்மையே போதுமான விளம்பரம்.

பருவமும் முதலும்

இன்னொரு தடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் வயல் வேலை குறைந்திருப்பது பெரும்பாலும் பங்குனி முதல் வைகாசி வரை. கம்பளி விற்பனையாவதோ கார்த்திகை முதல் தை வரை. கோடையில் பின்னியதைக் குளிர் வரும்வரை பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கு நூலில் போட்ட பணமும் கூலிப் பணமும் முடங்கிக் கிடக்கும். கையில் காசில்லாத பெண், ஆடி மாதச் செலவுக்காக வந்த விலைக்குத் தள்ளிவிடுவாள். அறுவடைக் களத்திலேயே நெல்லை விற்க நேரும் சிறு உழவரின் நிலையும் இதுவேயன்றோ? ஆகவே முடிந்த பொருளை வாங்கி வைத்து, முன்பணம் கொடுத்து, பருவத்தில் விற்கும் சுழல் நிதி இல்லாமல் இத்தொழிலைத் தொடங்கவே கூடாது.

எனவே எதைச் செய்யலாம்? நாம் ஆராய்ந்த அளவில் கூறுகிறோம். பெரியவர்க்கான முழுப் புரிப் பின்னல் கார்டிகனைக் குவித்து வைத்து விற்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். அதை முன்பணத்தோடு கேட்டு வருபவருக்கு மட்டுமே பின்னித் தரலாம். குழந்தைச் சட்டை, குல்லாய், காலுறை ஆகியவற்றில் ஒரே ஒரு புரி ஓடவிட்டால் அழகும் கெடாது. நூலும் நேரமும் மிகவும் குறையும். முதலும் விரைவில் திரும்பும். கோடையில் பருத்தி நூலைக் கையாளலாம். ஆனால் பருத்தி கம்பளியை விடக் கனம் கூடியது, இழுத்தால் மீளாதது. ஆகவே பெரிய சட்டையை விடச் சிறு பொருள்களுக்கே அது ஏற்றது. கொக்கி ஊசியால் செய்யும் குரோஷா வேலையையும் உடன் கற்பிக்கலாம். அதனை அப்படியே செய்யும் இயந்திரம் ஆலைகளில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. பெரும்பாலும் கைக்கே உரிய வேலை அது. சென்னையில் தொடங்கிய குரோஷா மகளிர் கூட்டமைப்பு ஒன்று, பல ஊர்ப் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்து, 2016 ஜனவரியில் 11,148 சதுர மீட்டருக்கு மேற்பட்ட போர்வையை உருவாக்கி உலகச் சாதனை படைத்தது. பிரிந்திருக்கும் கைகள் கூடினால் எத்துணைப் பெரிய காரியமும் இயலும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

விற்பனைக்கு ஊட்டியும் கொடைக்கானலும் மட்டுமே இடம் என்று எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கும், கும்பகோணத்துக்கும், வேளாங்கண்ணிக்கும் ஆண்டு முழுவதும் வெளியூரார் வருகின்றனர். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பொருளுக்கு அங்கே வாய்ப்பு உண்டு. 1973-ல் நிறுவப்பட்ட அரசுக் கைத்தொழில் வளர்ச்சிக் கழகமாகிய பூம்புகார் நிறுவனத்தையும் குழுக்கள் அணுகிப் பார்க்கலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி இதில் செய்ய வேண்டிய காரியங்கள் பெரும் பொருட்செலவு வேண்டுபவை அல்ல.

முதலாவது, இடம். பெண்கள் தனித்தனி வீடுகளில் பின்னாமல் ஒன்றுகூடிப் பின்னுவதற்கு வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் அறையைச் சமுதாயக் கூடத்தில் ஒதுக்கித் தர வேண்டும். ஒன்றாக அமரும்போது விலை மறைபொருளாக இராது. மங்கிய வெளிச்சத்தில் பின்னிக் கண்ணைக் கெடுத்துக் கொள்வதும் தவிரும்.

இரண்டாவது, ஏடு. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரம், எத்தனை கிராம் நூல், என்ன விலைக்குப் போயிற்று என்று குழு ஏட்டில் எழுதப்பட வேண்டும். நீர்ப் பங்கீட்டுக்கும் நெல் அளவைக்கும் ஏடு வைத்த நமக்கு இது புதிய பழக்கமன்று.

மூன்றாவது, கூலி வரம்பு. ஊரின் வயற்கூலிக்கு மணிக்கு மணி குறைந்த விலையில் எந்த வேலையையும் ஏற்பதில்லை என்று குழுவே தீர்மானம் செய்து கொள்ள வேண்டும். அவ்விலைக்குக் கொள்வாரில்லையெனில், அப்பொருள் நமக்குரியதன்று என்று விட்டுவிட வேண்டும். விற்காத சட்டை ஒரு நஷ்டம். குறைந்த கூலிக்கு விற்கும் சட்டை ஆண்டுதோறும் தொடரும் நஷ்டம்.

நான்காவது, நூல். நூலைக் குழு தன் பணத்தில் மொத்தமாக வாங்க வேண்டும். நூல் தருபவனிடமே பொருளையும் விற்க நேர்ந்தால் விலை பேசும் உரிமை போய்விடும். திருபுவனத்தில் நெசவாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பட்டு நெசவைக் காத்து வருவது நம் கண்முன்னே இருக்கும் பாடம்.

ஐந்தாவது, சோதனை. பயிற்சி தர வருபவர் எவராயினும், பயிற்சிக்குப் பின் முதல் ஐம்பது பொருள்களைத் தாம் என்ன விலைக்கு வாங்குவார் என்று எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். பயிற்சியோடு நின்று போகும் திட்டங்களால் அலமாரியில் ஊசிகள்தாம் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலமெங்கும் பரவின. உள்ளாட்சி இடங்களில் சரிபாதி மகளிருக்கு என்று 2016-ல் சட்டம் ஆயிற்று. சேமிக்கும் அமைப்பும் இருக்கிறது. தீர்மானிக்கும் உரிமையும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, பெண்ணின் உழைப்பு நேரத்தைக் கணக்கில் எழுதும் பழக்கத்தை உண்டாக்குவதே எஞ்சியிருக்கும் பணி.

உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல். நெல்லுக்கு விலை கேட்கும்போது, உழவுக் கூலியும் வீட்டார் உழைப்பும் அடக்க விலையில் சேர வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அது முற்றிலும் நியாயம. அந்த நியாயத்தை வயலில் மட்டும் கேட்டு, வீட்டில் மறந்துவிடலாகாது. உங்கள் இல்லத்துப் பெண் மாலையில் ஊசி பிடிக்கும் இரண்டு மணி நேரமும் உழைப்பே. அந்நேரத்தில் தண்ணீர் இறைப்பதையோ குழந்தையைக் கவனிப்பதையோ நீங்கள் ஏற்றுக் கொண்டால், அதுவும் தொழிலுக்கு நீங்கள் இட்ட முதலாகும்.

பின்னல் வேலையில் ஒரு கண்ணியைத் தவற விட்டால், அது தான் மட்டும் போவதில்லை; கீழேயுள்ள வரிசைகளையும் அவிழ்த்துக் கொண்டு இறங்கும். ஊராட்சியில் எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும், அதில் வேலை செய்யும் பெண்ணின் கூலி என்னும் கண்ணி தவறாமல் ஊசியில் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அது இருந்தால் மற்றவை நிற்கும். அவ்வாறு எண்ணிப் பார்த்த பின், உங்கள் ஊர்க் குழு முதற் குல்லாயைப் பின்னத் தொடங்கட்டும்.